கழிவுக் குழாயும் நாதசுரமும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலை எங்கள் தக்கலை ஊருக்கு நடுவே போகிறது. ஒரு நாள் மாலை, கல்லூரி முடிந்து நானும் ஒரு மாணவனும் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தோம். ஒரு சிவப்பு நிறக் கார் இடி உருட்டியதுபோல் உறுமிக்கொண்டு எங்களைக் கடந்து போயிற்று. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், அதில் ஹெட்டர் போட்டிருக்கிறார்கள். சித்தப்பாவின் பழைய காரிலும் அதைப் போடலாம் என்று இருக்கிறேன். குழாயை விலைக்கு வாங்கிவிட்டால் போதும். ஸ்பானர் செட் வீட்டில் இருக்கிறது. புகை போகிற வழியைத் தாராளமாக்கினால் இழுவை கூடத்தானே செய்யும்?" என்று கேட்டான் மாணவன்.

அவன் கேள்வியில் ஓர் உண்மையும் ஒரு பிழையும் கலந்திருந்தன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், ஒலியைப் பற்றிப் பள்ளியில் படித்த பாடம் கார் எஞ்சினுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கும். ஆயிரக்கணக்கான ரூபாயைக் குழாயில் போடலாமா, வேண்டாமா என்பதும் விளங்கும்.

வெளியேற மறுக்கும் வாயு

பெட்ரோல் கார் எஞ்சின் நான்கு வீச்சுகளில் இயங்குவது. முதல் வீச்சில் பிஸ்டன் கீழிறங்கிக் காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சுகிறது. இரண்டாவதில் மேலேறி அக்கலவையை அமுக்குகிறது. மூன்றாவதில் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காவதில் பிஸ்டன் மீண்டும் மேலேறி, எரிந்த வாயுவைக் கழிவு வால்வு வழியாக வெளியேற்றுகிறது. இந்நான்கும் முடிவதற்குள் கிராங்க் தண்டு இரண்டு முறை சுழன்றிருக்கும்.

நான்காம் வீச்சின் முடிவில் பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டாலும் அதற்கு மேலே கொஞ்சம் இடம் மீதி இருக்கும். அமுக்க விகிதம் 10 ஆக உள்ள எஞ்சினில் இந்த மீதியிடம் சிலிண்டரின் முழுக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. பிஸ்டன் இதற்கு மேல் ஏற முடியாதாகையால் அங்கே தங்கிய சூடான கழிவு வாயுவை அதனால் தள்ள இயலாது. அந்த வாயு அங்கேயே தங்கினால் புதிய கலவைக்கு இடம் குறைகிறது. இடம் குறைந்தால் திறனும் குறைகிறது.

இதற்காகவே எஞ்சின் வடிவமைப்பாளர்கள் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது, கழிவு வால்வு மூடும் முன்பே உறிஞ்சு வால்வும் திறக்கத் தொடங்குகிறது. சிறிது நேரம் இரண்டு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கும். அந்தக் கணத்தில் கழிவுக் குழாயின் பக்கம் அழுத்தம் குறைவாக இருந்தால், மிச்சமுள்ள வாயுவை அது இழுத்துக்கொள்ளும். அதன் பின்னாலேயே புதிய கலவையும் உள்ளே வரத் தொடங்கும். பிஸ்டனால் முடியாத வேலையைக் குழாய் செய்துவிடுகிறது.

சரியான கணத்தில் அழுத்தத்தை யார் குறைப்பது? இங்கேதான் ஒலி அலை வருகிறது.

கடைசிப் பெட்டி செய்யும் வேலை

ரயில் நிலையத்தில் பெட்டிகளை இணைப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் வந்து முதல் பெட்டியை மோதியதும், அந்த இடி ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து கடைசிப் பெட்டிவரை ஓடுகிறது. பெட்டிகள் சிறிதளவே நகர்கின்றன. இடிதான் நெடுந்தூரம் ஓடுகிறது. கடைசிப் பெட்டிக்கு அப்பால் தடுக்க எதுவும் இல்லை. ஆகவே அது மற்றவற்றைவிடச் சற்று அதிகமாக முன்னே நகர்ந்து, தனக்கு முந்தைய பெட்டியின் கொக்கியை இழுக்கிறது. அப்பெட்டி அதற்கு முந்தையதை இழுக்கிறது. முன்னோக்கி ஒரு தள்ளலாகச் சென்றது, பின்னோக்கி ஓர் இழுப்பாகத் திரும்பி வருகிறது.

குழாயிலுள்ள வாயுவும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. கழிவு வால்வு திறக்கும்போது சிலிண்டரினுள் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சில மடங்கு அழுத்தம் இருக்கும். அது குழாய்க்குள் பாய்ந்து ஒரு நெருக்க அலையைக் கிளப்புகிறது. அவ்வலை குழாயின் திறந்த முனையை அடைந்ததும் நெகிழ்வு அலையாக மாறித் திரும்புகிறது. மூடிய முனையில் நெருக்கம் நெருக்கமாகவே திரும்பும். திறந்த முனையில் நெருக்கம் நெகிழ்வாகத் திரும்பும். இயற்பியல் வகுப்பில் ஒத்ததிர்வுக் குழாய்ப் பரிசோதனையின்போது கற்பிக்கப்படும் அதே விதிதான்.

திரும்பி வரும் அந்த நெகிழ்வு, இரண்டு வால்வுகளும் திறந்திருக்கும் கணத்தில் சிலிண்டரின் வாயிலை அடைய வேண்டும். முந்தி வந்தாலும் பயனில்லை. பிந்தி வந்தாலும் பயனில்லை. ஆகவே குழாய் எவ்வளவு நீளம் என்பதே முதற்கேள்வி.

ஒரு சிறு கணக்கு

காற்றில் ஒலியின் வேகம் தனி வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் மாறும். 30 டிகிரி சென்டிகிரேடில் அது வினாடிக்குச் சுமார் 350 மீட்டர். கழிவு வாயுவின் வெப்பநிலையை 500 டிகிரி எனக் கொண்டால், வேகம் வினாடிக்குச் சுமார் 550 மீட்டராக உயர்கிறது.

எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். வினாடிக்கு 100 சுற்று. ஒரு சுற்றுக்கு 10 மில்லி வினாடி. வால்வு மெல்லத் திறப்பதால் அலையின் உச்சம் புறப்படச் சிறிது நேரம் பிடிக்கிறது. எனவே அலை போய்த் திரும்புவதற்கு மூன்றில் ஒரு சுற்று, அதாவது 120 பாகை கிடைக்கிறது என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். அது 3.3 மில்லி வினாடி. இந்நேரத்தில் அலை 1.8 மீட்டர் பயணம் செய்யும். போவதும் வருவதுமாகச் சேர்ந்த தொலைவு இது. எனவே குழாயின் நீளம் அதில் பாதி, சுமார் 90 சென்டிமீட்டர்.

ஹெட்டர் என்று கடைகளில் விற்கும் குழாய்த் தொகுதியின் அடிப்படை இதுதான். சாதாரணக் காரில் எஞ்சினை ஒட்டி ஒரு குட்டையான வார்ப்பிரும்புப் பகுதி இருக்கும். மெக்கானிக்குகள் அதை மானிபோல்டு என்பார்கள். எல்லாச் சிலிண்டர்களின் வாயுவும் அதில் உடனேயே கலந்துவிடும். ஹெட்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக, சம நீளமுள்ள எஃகுக் குழாய் உண்டு. அவை ஒரு பெரிய குழாயில் சென்று கூடுகின்றன. குறுகிய குழாய் திடீரென அகலமாகும் அந்தக் கூடுமிடம் ஏறக்குறைய ஒரு திறந்த முனையைப்போல் செயல்பட்டு, நெகிழ்வு அலையைத் திருப்பி அனுப்புகிறது.

ஒரே சுரம் வாசிக்கும் கருவி

கோயில் திருவிழாவில் வாசிக்கும் நாதசுரத்தை நினைத்துப் பாருங்கள். வாயில் வைக்கும் சீவாளி ஒரு வால்வு. மரத்தாலான உடல் குழாய். அடியில் விரியும் அணசு திறந்த முனை. பாரி நாதசுரத்தின் நீளமும் ஏறத்தாழ மூன்று அடிதான்! சீவாளியிலிருந்து புறப்பட்ட அலை திரும்பி வந்து, சீவாளி அடுத்து எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று கட்டளையிடுகிறது. வித்துவான் துளைகளைத் திறந்தும் மூடியும் குழாயின் நீளத்தை மாற்றுகிறார், சுரம் மாறுகிறது.

ஹெட்டருக்குத் துளைகள் இல்லை. எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்ட நாதசுரம் அது. 6,000 சுற்று என்ற ஒரு சுரத்துக்குச் செய்யப்பட்ட குழாய், அதன் அக்கம்பக்கத்தில் மட்டுமே நன்றாக வேலை செய்யும். அதே கார் 3,000 சுற்றில் ஓடும்போது மூன்றில் ஒரு சுற்றுக்கு 6.7 மில்லி வினாடி ஆகிறது. 90 சென்டிமீட்டர்க் குழாயில் அலை பாதி நேரத்திலேயே திரும்பிவிடும். பின்னர் மீண்டும் போய்வரும் அலை, வேண்டாத கணத்தில் நெருக்கமாக வந்து சேர்ந்து கழிவு வாயுவை உள்ளேயே தள்ளிவிடவும் கூடும். உயர்ந்த வேகத்தில் கிடைத்த லாபத்துக்குத் தாழ்ந்த வேகத்தில் வட்டி கட்ட நேர்கிறது.

பட்டறைகளில் "பேக் பிரஷர் இல்லாவிட்டால் வண்டி இழுக்காது" என்று சொல்வதுண்டு. இது பாதி உண்மை. எந்த எஞ்சினுக்கும் எதிரழுத்தம் தேவையில்லை. தேவையானது, தக்க தருணத்தில் வரும் தாழ்ந்த அழுத்தம். குழாயை வெட்டிக் குட்டையாக்கினாலோ, மிக அகலமாக்கினாலோ அலை தவறான நேரத்தில் திரும்புகிறது. வாயுவின் ஓட்டமும் வேகம் குறைகிறது. அதனால் இழுவை குறைவதைக் கண்டவர்கள் எதிரழுத்தம் போய்விட்டதே காரணம் என்று எண்ணிவிட்டார்கள்.

குழாயின் அலை எவ்வளவு வலிமையுள்ளது என்பதற்கு இருவீச்சு எஞ்சின்களே நல்ல சான்று. கிழக்கு ஜெர்மனியின் எம்.இஸட். நிறுவனத்தில் வால்ட்டர் காடன் என்ற பொறியாளர் 1950களில் விரிந்து குறுகும் கழிவுக் குழாயைச் செம்மைப்படுத்தினார். 1961 வாக்கில் அவருடைய 125 கன சென்டிமீட்டர்ப் பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200 குதிரைத்திறன்! நம் சாலைகளில் புகழ்பெற்ற ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிளின் வயிறு பெருத்த சைலன்சரும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததே. அதை வெட்டிவிட்டு நேர்க்குழாய் மாட்டுகிறவர், ஓசையைப் பெற்றுக்கொண்டு இழுவையை விற்றுவிடுகிறார்.

நான்கு பேருக்கு ஒரு வாசல்

ஹெட்டருக்கு இன்னொரு பணியும் உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் சிலிண்டர்கள் பெரும்பாலும் 1, 3, 4, 2 என்ற வரிசையில், அரைச் சுற்றுக்கு ஒன்றாக எரிகின்றன. முதல் சிலிண்டர் கழிவை வெளியேற்றி முடித்து, இரு வால்வுகளும் திறந்திருக்கும் அதே சமயத்தில், மூன்றாவது சிலிண்டரின் கழிவு வால்வு திறந்து வலிய நெருக்க அலையை வீசுகிறது. குட்டையான மானிபோல்டில் அந்த அலை அடுத்த வீட்டுக்காரன் குப்பையை நம் வாசலில் கொட்டுவதுபோல் முதல் சிலிண்டருக்குள் நுழைகிறது. நீண்ட தனிக் குழாய்கள் இதைத் தடுக்கின்றன.

சில ஹெட்டர்களில் நான்கு குழாய்கள் முதலில் இரண்டாகவும், பிறகு ஒன்றாகவும் கூடும். அப்போது 1-ஐயும் 4-ஐயும் ஒரு ஜோடியாக, 2-ஐயும் 3-ஐயும் மற்றொரு ஜோடியாகச் சேர்ப்பார்கள். ஒரே ஜோடியில் உள்ளவை முழுச் சுற்று இடைவெளியில் எரிவதால் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. இவ்வகைக் குழாய் நடுத்தர வேகத்தில் நன்றாக இழுக்கும். நான்கும் ஒரே இடத்தில் கூடும் வகை உச்ச வேகத்துக்கு ஏற்றது.

மூன்று சிலிண்டர் எஞ்சினில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே 240 பாகைக்கு ஒன்றாக எரிகின்றன. ஒருவர் வெளியேறி முடிக்கும் வரையில் அடுத்தவர் வாசலுக்கு வருவதில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்து 'பார்முலா மாருதி' என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். குறைந்த செலவில் நம் இளைஞர்கள் பந்தயம் பழக அது வழி வகுத்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களும், 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடமும் ஹெட்டருக்கு உரிய இடங்கள். பந்தயத்தில் ஓட்டுநர் கியரை மாற்றி மாற்றி எஞ்சினை எப்போதும் உயர் சுற்றிலேயே வைத்திருப்பார். ஒரு சுரக் கருவி அங்கே போதும்.

வீட்டில் மாட்டுவோருக்கு

பந்தயத் தடத்துக்கென்றே ஒரு கார் வைத்திருப்பவர் இவ்வேலையை வீட்டில் செய்யலாம். ஆயினும் ஒவ்வொரு படியிலும் இயற்பியல் காவலுக்கு நிற்கிறது.

எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகே தொடங்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். காரின் அடியில் நுழைவதானால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். பல ஆண்டுகள் வெந்து துருவேறிய மானிபோல்டு ஸ்டடுகள் முறுக்கினால் ஒடிந்துபோகும். முந்தின நாளே துருவிளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, சிறிது தளர்த்தி, சிறிது இறுக்கி, மெல்ல மெல்லக் கழற்ற வேண்டும். அலுமினியத் தலைப்பகுதிக்குள் ஒடிந்த ஸ்டடை எடுப்பது பட்டறைக்காரருக்கே தலைவலி.

புதிய காஸ்கெட் போட்டு, நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றுகளில், காரின் கையேட்டில் உள்ள முறுக்கு விசை அளவுக்கு இறுக்க வேண்டும். எஞ்சின் ஒரு முறை சூடேறி ஆறிய பின்னர் மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஏன்? 90 சென்டிமீட்டர் எஃகுக் குழாய் 500 டிகிரி சூடேறினால் 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். துருப்பிடிக்காத எஃகானால் 7 மில்லிமீட்டருக்கு மேல். குழாயை அசையாமல் கட்டிவிட்டால் அது பற்றவைப்பில் விரியும். ரப்பர்த் தொங்கல்கள் அதற்காகவே இருக்கின்றன.

இணைப்பில் சிறு கசிவு இருந்தால் புகை வெளியே வருவதோடு நிற்பதில்லை. நெகிழ்வு அலை வரும்போதெல்லாம் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரி அதைக் கண்டு, பெட்ரோல் போதவில்லை என்று எஞ்சின் கணினிக்குத் தவறான செய்தி தரும். கணினியும் வீணாகப் பெட்ரோலைக் கூட்டும்.

வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றி எறிந்துவிடக் கூடாது. கதிர்வீச்சு தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கூடுவதால், 400 டிகிரிக் குழாய் 200 டிகிரிக் குழாயைப்போல் நான்கு மடங்கு வெப்பத்தை வீசும். பக்கத்திலுள்ள கம்பியும் ரப்பர்க் குழாயும் அதைத் தாங்கா.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. மூடிய கார் ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு பார்க்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பற்றுடன் சேர்கிறது. தலை சுற்றுகிறதே என்று உணரும்போது கால்கள் எழ மறுத்துவிடலாம்.

உறுமல் திறனாகுமா?

சாலையில் ஓடும் காரின் கதை வேறு. இக்காலக் கார்களில் பலவற்றில் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றி மானிபோல்டை ஒட்டியே அமைந்திருக்கிறது. அது சுமார் 300 டிகிரி சூடானால்தான் நன்றாக வேலை செய்யும். விரைவில் சூடேற வேண்டும் என்பதற்காகவே எஞ்சினுக்கு அருகில் வைக்கிறார்கள். ஹெட்டருக்காக அதை எடுத்துவிட்டால், அது அழித்து வந்த கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நேரே நம் தெருவில் கலக்கும்.

அதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன? மற்ற பாகங்களை மாற்றாத சாதாரணக் காரில், உயர் சுற்றில் சில விழுக்காடு திறன், அவ்வளவே. "ஆனால் வண்டி பறக்கிறதே!" என்பார்கள். அது செவி செய்யும் மாயம். காதைப் பிளக்கும் கழிவுக் குழாயிலிருந்து ஒலியாக வெளிவரும் திறன் சில வாட்டுகளே. எஞ்சினின் திறனோ 50,000 வாட் அளவில் இருக்கும். எவ்வளவு உறுமினாலும் அது திறனுக்கு அளவுகோல் ஆகாது.

அந்தச் சில வாட்டுகளே ஊரை எழுப்பிவிடும். டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் செறிவு பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும்தான் வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். அங்கே வரம்பு இன்னும் குறைவு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. ஒலி, புகை வரம்புகளை மீறி ஓட்டினால் 190-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் செல்லாமற் போகும்.

இவ்வளவையும் கேட்ட மாணவன் தன் குறிப்பேட்டை எடுத்தான். சித்தப்பாவின் கார் தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே பெரும்பாலும் 2,500 சுற்றில்தான் ஓடுகிறது என்றான். அதற்கு எவ்வளவு நீளக் குழாய் வேண்டும் என்று அவனே கணக்கிட்டான். ஒரு சுற்றுக்கு 24 மில்லி வினாடி. மூன்றில் ஒரு பங்கு 8 மில்லி வினாடி. அலை ஓடும் தூரம் 4.4 மீட்டர்; குழாயின் நீளம் 2.2 மீட்டர்.

"சார், இது காரின் அகலத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதே!" என்றான்.

"அப்படியானால் சித்தப்பாவின் காருக்குத் தேவை புதிய குழாய் அல்ல" என்றேன். "காற்று வடிகட்டியைச் சுத்தம் செய், டயரில் காற்றைச் சரியாக வை. என்றாவது இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓட்டும் வாய்ப்பு வந்தால், அன்றைக்கு இந்தக் கணக்கை எடுத்துப் பார்."

அவன் குறிப்பேட்டை மூடவும் பேருந்து வரவும் சரியாக இருந்தது.